போரில் யார் கை ஓங்குகிறது? உக்ரைன் செய்திகளைப் புதிதாகப் பின்தொடர்வோருக்கு ஒரு வழிகாட்டி

2022 மார்ச் 2-ஆம் தேதி. கார்கிவ் நகரில் இருக்கும் இந்தியர்கள் எல்லோரும் உள்ளூர் நேரம் மாலை 6 மணிக்குள் வெளியேறிவிட வேண்டும், வண்டி கிடைக்காதவர்கள் நடந்தாவது போய்விட வேண்டும் என்று இந்தியத் தூதரகம் அறிவித்தது. என் அக்கா மகன் அப்போது அங்கே மருத்துவம் நான்காம் ஆண்டு. பனியில் நடந்தே பிசோச்சின் என்ற ஊருக்குப் போனான். அங்கிருந்து மேற்கு எல்லை, பிறகு விமானம், பிறகு நாகர்கோவில்.

ஆகஸ்டு மாதம் அவன் என்னிடம் கேட்டான்: "சித்தி, படிப்பை முடிக்கத் திரும்பப் போகலாமா? நீங்கதான் தினமும் செய்தி பாக்குறீங்களே, யாரு ஜெயிக்கிறா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆறு மாதம் தினமும் மூன்று மணி நேரம் பார்த்திருக்கிறேன். ஒரு யூடியூப் சேனல் ‘இன்னும் இரண்டு நாளில் கார்கிவ் விழும்’ என்று மார்ச்சில் சொன்னது, மேயில் சொன்னது, ஜூலையிலும் சொன்னது. இன்னொரு சேனல், ரஷ்யாவிடம் ஏவுகணை தீர்ந்துவிட்டது என்று அதே மாதங்களில் சொன்னது. இரண்டுமே நடக்கவில்லை. அதற்குப் பிறகு முறையாகப் பார்க்கக் கற்றுக்கொள்ள எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆனது. உங்களுக்கு ஒரு வாரத்தில் முடியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. முதலில் கேள்வியைச் சுருக்குங்கள்

‘யார் ஜெயிக்கிறார்கள்’ என்ற கேள்வியோடு உட்கார்ந்தால் விடை கிடைக்காது. அதற்குள் நாலைந்து கேள்விகள் இருக்கின்றன. இந்த மாதம் நிலம் யார் பக்கம் நகர்கிறது? ஆளும் ஆயுதமும் யாருக்கு முதலில் தீரும்? போரைத் தொடங்கும்போது சொன்ன இலக்கை யார் எட்டினார்கள்? எனக்கு வேண்டிய ஊர் பாதுகாப்பாக இருக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விடை வரும். ஒரே நாளில் ஒன்றுக்கொன்று எதிரான விடைகளும் வரும்.

எங்கள் வீட்டுக் கதையே அதற்குச் சாட்சி. 2022 செப்டம்பரில் கார்கிவ் மாகாணத்தில் உக்ரைன் படை சில நாள்களில் பாலக்லியாவையும் இசியுமையும் மீட்டது. நிலக் கணக்கில் பெரிய வெற்றி. ஆனால் கார்கிவ் நகரம் ரஷ்ய எல்லையிலிருந்து 30-40 கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. எல்லைக்கு அப்பாலிருந்தே ஏவுகணை வரும். அந்த வெற்றிக்குப் பிறகும் நகரத்து மின்நிலையம் தாக்கப்பட்டது. ‘உக்ரைன் ஜெயிக்கிறது, போகலாம்’ என்று நான் அன்று சொல்லியிருந்தால் பெரும் தவறாகியிருக்கும். அதே மாதம் இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் வேறு நாட்டுப் பல்கலைக்கழகத்தில் தற்காலிகமாகப் படிப்பைத் தொடர அனுமதித்தது. அவன் அந்த வழியில் போனான்.

உங்கள் கேள்வியை ஒரே வரியில், ஊர்ப் பெயரோடும் தேதியோடும் எழுதிக்கொள்ளுங்கள். ‘கடந்த மூன்று மாதத்தில் போக்ரோவ்ஸ்க் பக்கம் முன்னரங்கு எவ்வளவு நகர்ந்தது?’ இப்படி இருந்தால் விடை தேட முடியும். (போக்ரோவ்ஸ்க் கிழக்கு உக்ரைனில் உள்ள நகரம். முன்னரங்கு என்றால் இரு படைகளும் நேருக்கு நேர் நிற்கும் இடம்.)

2. தேவையான பொருள், செலவு, நேரம்

ஒரு நோட்டு. ஒரு கணினி அல்லது சற்றுப் பெரிய திரையுள்ள போன். சிறிய திரையில் வரைபடம் பார்த்தால் ஒரு தெருவையும் ஒரு மாவட்டத்தையும் பிரித்தறிய முடியாது.

பணம் கட்ட வேண்டிய எதுவும் தொடக்கத்தில் தேவையில்லை. வாஷிங்டனில் இருக்கும் போர் ஆய்வு நிறுவனமான ஐஎஸ்டபிள்யூ அன்றாட அறிக்கையும் வரைபடமும் இலவசமாகத் தருகிறது. உக்ரைனியர்கள் நடத்தும் டீப்ஸ்டேட் வரைபடமும் இலவசம். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களை கோப்பர்நிகஸ் தளத்தில் பெயர் பதிந்தால் காசில்லாமல் பார்க்கலாம். எங்கே தீ எரிகிறது என்று செயற்கைக்கோள் வழியாகக் காட்டும் நாசாவின் ஃபர்ம்ஸ் வரைபடத்துக்குப் பதிவுகூட வேண்டாம். உக்ரைனிய மொழியும் ரஷ்ய மொழியும் தெரியாவிட்டால் கூகுள் மொழிபெயர்ப்பை ஆங்கிலத்துக்கு மாற்றிப் படியுங்கள். நேரே தமிழுக்கு மாற்றும்போது ராணுவச் சொற்கள் பல நேரம் குழம்பிவிடுகின்றன.

‘உள்தகவல்’ தருகிறோம், மாதச் சந்தா கட்டுங்கள் என்று சொல்லும் டெலிகிராம் சேனல்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். நான் மூன்று மாதம் கட்டினேன். வந்ததெல்லாம் இலவசச் சேனல்களில் முந்தின நாள் வெளியானவைதான்.

நேரம்: நாளுக்கு 20 நிமிடம், வாரத்தில் ஒரு நாள் ஒரு மணி நேரம். அதற்கு மேல் பார்த்தால் தெளிவு கூடாது, பதற்றம்தான் கூடும்.

கடிகாரத்தையும் சரிசெய்துகொள்ளுங்கள். மாஸ்கோ நமக்கு எப்போதும் இரண்டரை மணி நேரம் பின்னால். கீவ் குளிர்காலத்தில் மூன்றரை மணி நேரமும் கோடையில் இரண்டரை மணி நேரமும் பின்னால். ஐஎஸ்டபிள்யூ அறிக்கை அமெரிக்காவில் மாலையில் வெளியாவதால் நம் கைக்கு மறுநாள் காலையில்தான் கிடைக்கும். அதில் ‘இன்று’ என்று இருந்தால் அது நம் நேற்று. இதைக் கவனிக்காமல் ஒரே சம்பவத்தை இரண்டு நாளில் இரண்டு சம்பவமாக நான் பலமுறை எழுதி வைத்திருக்கிறேன்.

3. ஊர்ப் பெயர்களுக்கு ஒரு பட்டியல் போடுங்கள்

இது சின்ன வேலைதான், ஆனால் பலர் தடுக்கி விழும் இடம். ஒரே ஊருக்கு இரு தரப்பும் வெவ்வேறு பெயர் சொல்கின்றன. உக்ரைன் பாக்முத் என்பதை ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் அர்த்தியோமோவ்ஸ்க் என்கிறது. போக்ரோவ்ஸ்க் அவர்களுக்கு கிராஸ்னோஅர்மெய்ஸ்க். மிர்னோராத் அவர்களுக்கு திமித்ரோவ். சோவியத் காலப் பெயர்களை உக்ரைன் மாற்றிவிட்டது, மாஸ்கோ அந்த மாற்றத்தை ஏற்கவில்லை. பட்டியல் இல்லாமல் படித்தால் ஒரு ஊர் விழுந்த செய்தியை இரண்டு ஊர் விழுந்ததாக எண்ணிவிடுவீர்கள். ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் போருக்கு முந்தைய மக்கள்தொகையையும் குறித்து வையுங்கள். ‘முக்கியக் குடியிருப்பு விடுவிக்கப்பட்டது’ என்ற அறிவிப்பில் வரும் ஊர் சில சமயம் நாற்பது வீடுள்ள குக்கிராமமாக இருக்கும்.

4. வரைபடத்தைப் படியுங்கள், நிறத்தை மட்டும் பார்க்காதீர்கள்

குறைந்தது இரண்டு வரைபடங்களை அருகருகே வையுங்கள். டீப்ஸ்டேட் உக்ரைன் ராணுவத்தோடு தொடர்புள்ளது. தன் தரப்பு இழந்ததைக் காட்டச் சில நாள் தாமதிக்கும், ஆனால் பெரும்பாலும் காட்டிவிடும். ரிபார் என்ற ரஷ்யச் சேனல் மாஸ்கோ பக்கம். இருந்தும் தங்கள் அமைச்சகத்தின் மிகைக்கூற்றை அவ்வப்போது அதுவே மறுக்கும். ஐஎஸ்டபிள்யூ வெளியிலிருந்து எழுதுகிறது. உக்ரைன் மீது பரிவு உண்டு, ஆனாலும் ரஷ்யா ‘தன் வசம்’ என்று சொல்வதை மட்டும் தனி நிறத்தில், அதாவது மஞ்சளில் பிரித்துக் காட்டும். மூன்றும் ஒத்துப்போகும் இடத்தை நம்பலாம். ஒத்துப்போகாத இடத்தை ‘தெரியவில்லை’ என்று எழுதிக்கொள்ளுங்கள். டீப்ஸ்டேட்டில் சாம்பல் நிறம் அதற்காகவே இருக்கிறது.

இன்றைய போரில் முன்னரங்கு கோடாக இல்லை என்பதையும் மனத்தில் வையுங்கள். டிரோன்கள் பெருகிய பிறகு இரு தரப்புக்கும் நடுவில் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு யாரும் நிம்மதியாக நடமாட முடியாத வெளி உண்டாகிவிட்டது. இரண்டு மூன்று வீரர்கள் அந்த வெளியைக் கடந்து ஒரு கட்டடத்தில் கொடியைப் பிடித்துக் காட்டுகிறார்கள், டிரோன் படமெடுக்கிறது, ‘ஊர் வீழ்ந்தது’ என்று செய்தி வருகிறது. கொடிக் காணொளி காட்டுவது அந்த நிமிடம் அந்த இடத்தில் ஆள் இருந்தார் என்பதை மட்டும்தான். ஊரை வசப்படுத்தியதற்கு அது சான்றாகாது. மறுவாரம் அதே தெருவில் எதிர்த்தரப்பு நடமாடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அளவுகோலை மறக்காதீர்கள். 2024 முழுவதும் ரஷ்யா கைப்பற்றியது சுமார் 4,000 சதுர கிலோமீட்டர். உக்ரைனின் மொத்தப் பரப்பு சுமார் 6 லட்சம் சதுர கிலோமீட்டர். ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் அந்த ஆண்டு நகர்ந்தது பெரும்பாலும் ஒரே திசையில்தான். ‘ரஷ்யா பாய்கிறது’ என்றவரும் ‘ரஷ்யா நகரவே இல்லை’ என்றவரும் அதே வரைபடத்தைத்தான் காட்டினார்கள். ஒருவர் பெரிதாக்கிக் காட்டினார், மற்றவர் சிறிதாக்கிக் காட்டினார். நீங்கள் எப்போதும் ஒரே அளவில் பாருங்கள். நான் மாதத்தின் முதல் தேதியில், ஒரே பெரிதாக்க அளவில், வரைபடத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கிறேன். மூன்று மாதப் படங்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு வருடச் செய்தியில் கிடைக்காத தெளிவு கிடைக்கும்.

தீ வரைபடத்தில் ஒரு எச்சரிக்கை. சிவப்புப் புள்ளிகள் எல்லாம் குண்டுவீச்சு அல்ல. கோடையில் வயல்களும் எரியும். மேகம் மூடினால் பெரிய தீயும் தெரியாது. சென்டினல் படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டர். டாங்கி தெரியாது, ஆனால் புதிதாக வெட்டிய அகழி வரிசையும் எரிந்த நகரமும் தெரியும். ஒரு தரப்பு தனக்குப் பின்னால் எவ்வளவு தொலைவில் அகழி வெட்டுகிறது என்று பாருங்கள். எங்கே வரை பின்வாங்க நேரலாம் என்று அந்தத் தரப்பே அஞ்சுகிறது என்பதை அது சொல்லும்.

5. இழப்பு எண்களில் முதலில் சொல்லைச் சரிபாருங்கள்

தமிழில் படிப்பவர்களுக்கு இங்கே தனிப் பொறி ஒன்று இருக்கிறது. ஆங்கிலச் செய்தியில் வரும் காஷுவாலிட்டி என்ற சொல் இறந்தவர், காயமுற்றவர் எல்லோரையும் சேர்த்தது. நம் செய்திகளில் அது பல இடத்தில் ‘பலி’ ஆகிவிடுகிறது. உக்ரைன் முப்படைத் தலைமையகம் வெளியிடும் ரஷ்ய இழப்புக் கணக்கு 2025 ஜூனில் பத்து லட்சத்தைத் தாண்டியது. அது இறந்தவரும் காயமுற்றவரும் சேர்ந்தது. எதிரியின் இழப்பை எதிரி எண்ணியது. ‘பத்து லட்சம் ரஷ்யர் பலி’ என்று எனக்கு வாட்ஸ்அப்பில் ஐந்து பேர் அனுப்பினார்கள்.

எண் கண்ணில் பட்டதும் கேளுங்கள்: யார் எண்ணினார்கள், யாருடைய இழப்பை, இறந்தவர் மட்டுமா?

தன் இழப்பைத் தானே சொல்லும் தரப்பு குறைத்துச் சொல்லும். ரஷ்ய அமைச்சகம் கடைசியாக 2022 செப்டம்பரில் 5,937 வீரர்கள் இறந்ததாகச் சொன்னது. அதற்குப் பிறகு மூச்சு விடவில்லை. உக்ரைன் அதிபர் ஜெலென்ஸ்கி 2024 டிசம்பரில் 43,000 உக்ரைன் வீரர்கள் இறந்ததாகச் சொன்னார். காணாமல்போனவர்கள் அதில் இல்லை. இரண்டையும் கீழெல்லையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெயர் பெயராக எண்ணுபவர்களே நம்பத்தக்கவர்கள். மீடியாசோனா என்ற ரஷ்யச் சுயாதீன ஊடகமும் பிபிசி ரஷ்யச் சேவையும் இரங்கல் குறிப்பு, கல்லறை, உள்ளூர்ச் செய்தி ஆகியவற்றிலிருந்து இறந்த ரஷ்ய வீரர்களின் பெயர்ப் பட்டியலைத் திரட்டுகின்றன. 2025-இல் அது ஒரு லட்சத்தைத் தாண்டியது. உக்ரைன் பக்கத்துக்கும் அப்படித் தன்னார்வலர் பட்டியல் உண்டு. தளவாடத்துக்கு ஓரிக்ஸ் என்ற இணையதளம்: படம் இருந்தால் மட்டும் ஒரு டாங்கியை எண்ணும், அழிந்தது, சேதமானது, கைவிடப்பட்டது, பிடிபட்டது என்று பிரிக்கும். இவையும் கீழெல்லைதான். எந்தப் பக்கம் அதிகம் படமெடுத்துப் போடுகிறார்களோ அந்தப் பக்கத்தின் எதிரிக்குத்தான் இழப்பு அதிகமாகத் தெரியும்.

இன்னொன்றில் நானே ஏமாந்தேன். 2025 ஜூனில் ரஷ்யா 6,000-க்கும் மேற்பட்ட உக்ரைன் வீரர்களின் உடல்களை ஒப்படைத்தது. பதிலுக்குப் பெற்றது நூறுக்கும் குறைவு. உக்ரைனுக்குத்தான் அறுபது மடங்குக்கும் மேல் இழப்பு என்று அன்று எழுதி வைத்தேன். முன்னேறும் படை கைப்பற்றிய நிலத்தில் கிடக்கும் உடல்கள் இரு தரப்பினுடையவையும் அதன் கைக்கே போகும். ஆக, அந்த விகிதத்திலிருந்து நிலம் யார் வசம் போனது என்பது தெரியும். எத்தனை பேர் இறந்தார்கள் என்பது தெரியாது.

6. தனக்குப் பாதகமாக ஒருவர் சொல்வதை அடிக்கோடிடுங்கள்

நான் கற்றுக்கொண்டதில் இதற்கு ஈடாக வேறெதுவும் இல்லை. வெற்றியை யாரும் சொல்வார்கள். தன் தரப்புக்குக் கேடான செய்தியை ஒருவர் சொன்னால் அதற்குத் தனி எடை.

2023 மே மாதம் வாக்னர் என்ற ரஷ்யக் கூலிப்படையின் தலைவர் பிரிகோஜின், பாக்முத்தில் தன் ஆள்கள் சுமார் 20,000 பேர் இறந்ததாகச் சொன்னார். அவருக்குக் கோபம் இருந்தது, ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகத்தோடு பகை இருந்தது. ஆனாலும் தன் படையின் சாவைப் பெருக்கிச் சொல்வதில் அவருக்கு லாபம் குறைவு. அதே ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி, உக்ரைன் தலைமைத் தளபதி ஜலூஷ்னி போர் தேக்கநிலைக்கு வந்துவிட்டதாக வெளிப்படையாகச் சொன்னார். கோடை எதிர்த்தாக்குதலைப் பற்றி ஐந்து மாதமாக நான் படித்த நம்பிக்கைச் செய்திகள் அத்தனைக்கும் அந்த ஒரு வாக்குமூலம் விடையாக இருந்தது.

ஒப்புதல் நேரடியாக வராது, வேடமிட்டு வரும். அந்த வேடச் சொற்களைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 2022 செப்டம்பர் 10-இல் பாலக்லியா, இசியும் படைகளை ‘மறுசீரமைக்கிறோம்’ என்றது ரஷ்யா. அதற்கு முன் ஜூனில் கருங்கடலில் உள்ள பாம்புத் தீவை விட்டுப் போனதை ‘நல்லெண்ணச் செயல்’ என்றது. 2024 பிப்ரவரியில் கிழக்கு நகரமான அவ்தீவ்காவை இழந்தபோது உக்ரைன் ‘சாதகமான அரண்களுக்கு’ நகர்வதாகச் சொன்னது. மூன்றுக்கும் பொருள் ஒன்றுதான்: பின்வாங்கல். ஒரு ஊரைப் பற்றி ஒரு தரப்பு திடீரென்று பேசுவதை நிறுத்திவிட்டாலும் குறித்துக்கொள்ளுங்கள்.

வீரக் கதைகளுக்கு மதிப்பெண் போடாதீர்கள். பாம்புத் தீவில் காவலிருந்த 13 வீரர்களும் இறந்ததாகப் போரின் முதல் நாளே உக்ரைன் அதிபர் அறிவித்தார். நான்கு நாளில் அவர்கள் சிறைப்பட்டு உயிரோடு இருப்பது தெரிந்தது. ரஷ்ய விமானங்களைத் தனியாளாக வீழ்த்தியதாகப் பேசப்பட்ட ‘கீவின் ஆவி’ என்ற விமானி கற்பனைப் பாத்திரம் என்று உக்ரைன் விமானப்படையே பிறகு சொன்னது. அர்மா 3 என்ற கணினி விளையாட்டின் காட்சிகள் போர்க் காணொளியாகச் சுற்றியதால், அதைத் தயாரித்த நிறுவனம் அறிக்கை விட வேண்டியிருந்தது. காணொளியில் ஊர், நாள், படமெடுத்தவர் மூன்றில் இரண்டு தெரியாவிட்டால் அதை நோட்டில் ஏற்றாதீர்கள்.

7. நிலத்துக்கு வெளியேயும் பாருங்கள்

மாதத்துக்கு ஒருமுறை போதும். கடல்: போர்க்கப்பல் ஏறக்குறைய இல்லாத உக்ரைன், ரஷ்யக் கருங்கடல் கடற்படையின் முதன்மைக் கப்பலான மாஸ்க்வாவை 2022 ஏப்ரலில் மூழ்கடித்தது, பிறகு ரஷ்யக் கப்பல்கள் பல கிரிமியாவின் செவாஸ்டோபோலை விட்டு ரஷ்யத் துறைமுகமான நோவோரோசிஸ்க் போயின. உக்ரைன் தானியத்தைக் கடல்வழியே கொண்டுபோக வழிவிட்ட ஒப்பந்தத்திலிருந்து 2023-இல் ரஷ்யா விலகிய பிறகும் ஒடேசாவிலிருந்து சரக்குக் கப்பல்கள் கிளம்பின. நிலத்தில் உக்ரைன் தளர்ந்த அதே காலத்தில் நடந்தது இது.

ஆள்பலம்: யாருக்கு ஆள் கிடைப்பது கடினமாகிறது என்பதைச் சட்டங்களிலும் விலையிலும் பார்க்கலாம். 2024 ஏப்ரலில் உக்ரைன் கட்டாயப் படைச்சேர்ப்பு வயதை 27-இலிருந்து 25-ஆகக் குறைத்தது. அதே ஆண்டு ஜூலை இறுதியில் ரஷ்யா, ஒப்பந்த வீரருக்குத் தரும் மத்திய அரசின் சேர்ப்புத் தொகையை 1,95,000 ரூபிளிலிருந்து 4,00,000-ஆக உயர்த்தியது. போரின் செலவு வட்டியில் தெரியும்: அக்டோபரில் ரஷ்ய மத்திய வங்கியின் வட்டி 21 சதவீதத்துக்குப் போனது. சட்டமும் வட்டியும் வெளியே தெரியாமல் மாற்ற முடியாதவை. அதனால்தான் நான் இவற்றைப் போர்க்களக் காணொளியைவிட அதிகம் நம்புகிறேன்.

இங்கே ஒன்றை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். ‘ரஷ்யா ஜெயித்துவிட்டது, சண்டை முடியப்போகிறது, பின்தளத்தில் உதவியாளர் வேலை’ என்று எந்த முகவர் சொன்னாலும் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். 2025 ஜனவரி வரை ரஷ்யப் படையில் சேர்ந்த இந்தியர்கள் 126 பேரைப் பற்றித் தனக்குத் தெரியும் என்றும், அதில் 12 பேர் இறந்துவிட்டார்கள், 16 பேரைக் காணவில்லை என்றும் நம் வெளியுறவு அமைச்சகம் சொன்னது. தோற்கிற படைக்கு மட்டுமல்ல, முன்னேறுகிற படைக்கும் தினமும் புது ஆள் தேவை.

8. காத்திருங்கள், பிறகு எழுதுங்கள்

ஒரு ஊர் வீழ்ந்த செய்திக்கு நான் வைத்திருக்கும் குறைந்தபட்சக் கெடு 72 மணி நேரம். பெரிய ஊருக்கு இரண்டு வாரம். பாக்முத் அருகே உள்ள சொலதார் இதற்கு நல்ல பாடம். 2023 ஜனவரி 10-ஆம் தேதி வாக்கில் பிரிகோஜின் ஊர் தன் வசம் என்றார். ரஷ்ய அமைச்சகம் 13-ஆம் தேதி அறிவித்தது. உக்ரைன் 25-ஆம் தேதிதான் விலகியதை ஒப்புக்கொண்டது. முதலில் சொன்னவர் அவசரப்பட்டார், கடைசியில் சொன்னவர் தாமதித்தார். உண்மை நடுவில் எங்கோ நடந்தது.

நோட்டில் ஒரு பதிவு எப்படி இருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்காக, என் நோட்டில் உள்ளதை அப்படியே தருகிறேன். குபியான்ஸ்க் கார்கிவ் மாகாணத்து ஊர், கெராசிமோவ் ரஷ்யப் படைகளின் தலைமைத் தளபதி.

‘குபியான்ஸ்க். 2025 நவம்பர் 20: ஊர் முழுவதும் வசம் என்று கெராசிமோவ் புதினிடம் அறிக்கை. உக்ரைன் அன்றே மறுப்பு. என் முடிவு: தெரியவில்லை. கெடு: இரண்டு வாரம்.

டிசம்பர் 4: வரைபடங்கள் ஒத்துப்போகவில்லை. கெடு நீட்டிப்பு.

டிசம்பர் 12: ஊர் நுழைவாயிலின் பெயர்த்தூண் அருகே ஜெலென்ஸ்கி நின்று பேசும் காணொளி. தூண் அதே இடம்தான், பழைய படங்களோடு ஒப்பிட்டாயிற்று. நவம்பர் 20 அறிக்கை தவறு. ஊர் முழுவதும் உக்ரைன் வசம் என்பதற்கு இது போதாது. அடுத்துப் பார்க்க வேண்டிய நாள்: ஜனவரி 1, மாத வரைபடத்தோடு.’